படுத்திருப்பவளுக்கு நேரம் நிறைய இருக்கிறதாம்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆகவே அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. "கணவர் எல்லையில், இவர் கட்டிலில், எழுதுகிறவருக்கு இதைவிடத் தோதான காலம் வாய்க்குமா? நாவல் முடிந்திருக்குமே!" என்று என்னை அறிமுகம் செய்த மூத்த எழுத்தாளர் சொன்னார், அரங்கு சிரித்தது. கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டில் படுத்திருந்தபடியே திரை வழியாகக் கலந்துகொண்ட நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, நான் அதை ரசித்ததாகவே எடுத்துக்கொண்டு நான்கைந்து பேர் எனக்குச் செய்தி அனுப்பியிருப்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. ரசிக்கவில்லை. முகம் சுளித்திருந்தால், பட்டாளத்துக்காரர் மனைவிக்கு இத்தனை தொட்டாற்சுருங்கித்தனம் ஆகாது என்று அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். என் ஆரம்பகாலக் கதைகளை வரிவரியாகப் படித்துத் திருத்தம் சொன்னவர். முன்பின் தெரியாதவர் சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாரங்கள் விடுமுறை அல்ல. உடம்பு தேறுவது ஒரு வேலை. அந்த வேலை பகலையும் இரவையும் எடுத்துக்கொண்டு, எழுதுவதற்கென்று எதையும் மிச்சம் வைப்பதில்லை.

கருப்பையை அகற்றுவதற்காக வயிறு திறக்கப்பட்டவள், படுத்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்கார முடியாது. முதலில் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, முழங்கையை ஊன்றி உடம்பைத் தள்ளித்தான் எழ வேண்டும். இருமல் தொண்டைக்கு வருவதற்குள் தலையணையை இழுத்து வயிற்றோடு அழுத்திக்கொள்ள வேண்டும். காலில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக நடக்கவும் வேண்டும். நடந்தால் வருகிற களைப்பில் அந்த முற்பகல் முழுவதும் போய்விடுகிறது. வலி மாத்திரையைப் போட்டால் வலியோடு சேர்ந்து புத்தியும் அடங்குகிறது. போடாவிட்டால் புத்தி தெளிவாக இருக்கிறது, ஆனால் வலியைத் தவிர வேறு எதையும் அது நினைப்பதில்லை. மேலே தோல் மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டு "ஆறிவிட்டதே" என்கிறார்கள். வெட்டுப்பட்ட திசு மூன்று மாதம் ஆன பிறகும் தன் பழைய வலுவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத்தான் எட்டும் என்பது மருத்துவம் படித்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. இலக்கியம் படித்தவர்களுக்கு அது தெரிய வேண்டிய கட்டாயம் இல்லைதான்.

நாவல் எழுதுவது என்றால், ஐம்பது பக்கத்துக்கு முன்னால் ஒரு பாத்திரம் சொன்ன பொய்யை நினைவில் வைத்திருப்பது. காலை மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று அட்டையில் காலியான குழிகளை எண்ணிப் பார்த்து முடிவுசெய்கிறவளிடம் அந்தப் பொய்யை எங்கே தேடுவது?

முயலாமல் இல்லை. மடிக்கணினியை மடியில் வைக்க முடியாது, மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது என்பதால், கைப்பேசியிடம் பேசியே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். என் நாவலின் நாயகி பெயர் மங்கை. படுத்துக்கொண்டு, பாதிக் குரலில், "மங்கை கதவைச் சாத்திவிட்டு அழுதாள்" என்று சொன்னேன். "மாங்காய் கதவைச் சாத்திவிட்டு அழுதாள்" என்று விழுந்தது. சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் தையல் உள்ளவள் சிரிக்கக் கூடாது என்பது சிரித்த பிறகுதான் புரியும். தலையணையைக் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வழியக் கிடந்ததோடு அன்றைய இலக்கியப் பணி நிறைவடைந்தது. தோதான காலம்!

இனி அவர் வாக்கியத்தின் முதல் பாதிக்கு வருகிறேன். கணவர் எல்லையில் இருக்கிறார், ஆகவே எனக்குத் தனிமை கிடைத்திருக்கிறது, தனிமை எழுதுகிறவர்களுக்கு வரம் என்பது அதன் உட்பொருள். ஆறு வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டவளின் வீட்டில், தூக்குவதற்கு இன்னொரு ஆள் இல்லாத நிலையைத்தான் அவர் வரம் என்கிறார். என் மகளுக்கு ஏழு வயது. பள்ளிவிட்டு வந்ததும் ஓடிவந்து மடியில் ஏறுவது அவள் வழக்கம். இப்போது அவள் ஓடிவரும்போதே நான் கையை நீட்டித் தடுக்க வேண்டியிருக்கிறது. அப்பாவும் அருகில் இல்லை, அம்மா மடியும் இல்லை. இந்தத் தனிமையில்தான் நான் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக் குவித்திருக்க வேண்டும்.

அறுவைக்கு நாள் குறித்ததே என் கணவருடைய லீவைக் கணக்கிட்டுத்தான். லீவு தள்ளிப்போயிற்று, நாளையும் தள்ளினோம். மறுபடி தள்ளிப்போனபோது, ரத்தப்போக்கு இருக்கிற நிலையில் இனிக் காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன், அதற்குக் கீழே உறவினருக்கான இடத்தில் என் நாத்தனார், "இதில் நான் போடலாமா அண்ணி?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். மயக்கம் தெளிந்து மறுநாள் இரவுதான் அவருடைய குரல் வந்தது.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

"நெசமாவா?"

"நெசமாதான்."

அதோடு இணைப்பு அறுந்தது. எனக்கு அப்போது காய்ச்சல் இருந்ததை நான் சொல்லவில்லை. அவருடைய குரலுக்குப் பின்னால் காற்று அப்படி இரைந்தது ஏன் என்பதை அவரும் சொல்லவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. தெரிந்தாலும் எழுதப் போவதில்லை. இடம், தேதி, யூனிட், யார் எப்போது நகர்கிறார்கள் என்பதையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதிப் பழகிய கை இது. மற்றவர்கள் நாட்குறிப்பில் சாதாரணமாக எழுதிவைப்பதை நான் என் நாட்குறிப்பில்கூட எழுதுவதில்லை. போஸ்டிங் மாறும்போதெல்லாம் பெட்டிகளில் அடைபட்டு, அடுத்த ஊரில் பிரிக்க நேரமில்லாமல் கிடக்கும் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி இங்கே பேசத் தொடங்கினால் முடிக்க முடியாது.

இதைப் படித்ததும் ராணுவத்தைக் குறை சொல்கிறாள் என்று கிளம்புவதற்குச் சிலர் தயாராக இருப்பார்கள். சொல்லவில்லை. ஒருவர் லீவில் கிளம்ப வேண்டுமென்றால் அவருடைய இடத்தில் நிற்க இன்னொருவர் திரும்பி வந்திருக்க வேண்டும் என்பதும், அந்த இன்னொருவர் வீட்டிலும் ஒரு கட்டிலும் அதில் படுத்திருக்கும் யாரோ ஒருவரும் இருக்கலாம் என்பதும் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கல்யாணம் செய்துகொண்டேன். தெரிந்து செய்துகொண்டதால் வலிக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இருந்தால் காட்டுங்கள்.

கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த ஆறு வாரமும் கிடைப்பதில்லையே என்று இன்னொருவர் கேட்பார். உண்மை, அது அநியாயம். அந்த அநியாயத்தில் எனக்கும் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் அது நியாயமாகிவிடாது.

மேதைகள் எல்லாம் படுக்கையில் கிடந்தபடியே படைத்திருக்கிறார்களே என்ற வாதம்தான் எனக்கு மிகவும் அலுப்பூட்டுகிறது. உடனே மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவை இழுத்து வருவார்கள். 1925 இல் பேருந்து விபத்தில் உடம்பு நொறுங்கிக் கிடந்தபோது அவர் வரையத் தொடங்கினார் என்பது சரி. படுத்தபடி வரைவதற்கென்றே அவருடைய தாயார் ஒரு தாங்கியைத் தனியாகச் செய்வித்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு யாரும் தாங்கி செய்துதர வேண்டாம். கேலி செய்யாமல் இருந்தால் போதும்.

மேதைகளின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஃபிரான்சஸ் பர்னியின் கணக்கைப் பாருங்கள். ஆங்கில நாவலாசிரியர், 1793 இல் ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரியை மணந்தவர். எங்கள் இனம்தான். 1811 செப்டம்பர் 30 அன்று, பாரிஸில் அவருடைய வீட்டிலேயே, மார்பகத்தை அகற்றினார்கள். ஈதர் மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்கு வருவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பு. மதுவில் கலந்த மருந்து ஒரு குவளை, முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை, அவ்வளவுதான். கருவிகளின் பளபளப்பு அந்தத் துணியின் ஊடாகத் தெரிந்திருக்கிறது. கத்தி பிடித்தவர் நெப்போலியனின் படையில் பெயர்பெற்ற மருத்துவர் லாரே. கணவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து பர்னியே ஏற்பாடு செய்திருந்தார். அவர் அதைக் காண நேரக் கூடாதாம். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த "நெசமாதான்" நினைவுக்கு வருகிறது.

அப்படிப்பட்டவர் மறுநாளே எழுத உட்கார்ந்தாரா? அக்கா எஸ்தருக்கு நடந்ததை விவரித்து ஒரு கடிதம் எழுதத் தொடங்கவே மறு ஆண்டு மார்ச் ஆயிற்று. முடிக்க ஜூன் ஆயிற்று. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க முடியவில்லை என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். ஒரு கடிதத்துக்கு, அதுவும் கூடப்பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்துக்கு, பர்னிக்கு அத்தனை மாதம் பிடித்தது. என்னிடம் நாவல் கேட்கிறார்கள்.

நாவலைக்கூட உண்மையில் அவர்கள் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்த மூத்தவர் தனியாகத் தொலைபேசியில் அழைத்து, தம்முடைய சிறப்பிதழுக்கு நெகிழ்ச்சியாக ஒரு கட்டுரை வேண்டும் என்றார்: வலியிலும் கலங்காமல் கணவரை நாட்டுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மனைவி, இன்ன தேதிக்குள். நான் கலங்கினேன் என்று எழுதலாமா என்று கேட்டேன். சிரித்தார். எனக்கு மூன்று சிறுகதைத் தொகுப்புகள் இருக்கின்றன. அன்றைய அறிமுகத்தில் அவற்றில் ஒன்றின் பெயர்கூட வரவில்லை. என் கணவருடைய பதவியும் என் அறுவை சிகிச்சையும் மட்டும் தவறாமல் வந்தன. பார்க்க வருகிறவர்களும் அவர் எப்போது வருகிறார் என்று கேட்கிறார்கள், தையல் பிரித்தாயிற்றா என்று கேட்கிறார்கள், மங்கை என்ன ஆனாள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எல்லையில் நிற்பவர் அவர், எழுதுகிறவள் நான். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி மேடையில் வைத்தால் கைதட்டல் நன்றாக விழுகிறது என்பது எனக்கும் தெரிகிறது.

அந்தக் கட்டுரையை நான் எழுதித் தரப் போவதில்லை, அவருக்கும் சொல்லிவிட்டேன். நாவல் இந்த ஆண்டு வராது. அடுத்த முறை என்னைப் பேச அழைக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால், தொகுப்புகளை என் செலவிலேயே அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன். ஒன்றையாவது படித்துவிட்டு அழையுங்கள்.