அடிப்படை உரிமை டெல்லிக்கு மட்டுமா?

பாலக்காடு கொழிஞ்சாம்பாறை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "அடிப்படை உரிமைகள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், கேரள அரசை அல்ல." இது தவறு.

அரசியலமைப்பின் 12ஆவது பிரிவில் 'அரசு' என்றால் மாநில அரசு, சட்டமன்றம், உள்ளாட்சி எல்லாம் சேர்த்திதான். நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் உட்பட! உரிமை மீறப்பட்டால் 226ஆவது பிரிவின்படி எர்ணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். மொழிச் சிறுபான்மையினரின் உரிமையும் அடிப்படை உரிமைதான். மொழிச் சிறுபான்மையை மாநில வாரியாகத்தான் பார்க்க வேண்டும் என்று 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே தமிழர் அந்தக் கணக்கில் வருகிறோம்.

அமெரிக்காவில் 1833இல், அந்த நாட்டு உரிமைகள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று ஒரு தீர்ப்பு உண்டு. அந்தக் கதையை யாரோ இங்கே ஒட்டிவிட்டார்கள் போல.

சட்ட அமைச்சக இணையதளத்தில் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியைத் திறந்தால் இந்த 12ஆவது பிரிவு முதலிலேயே இருக்கிறது. அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.