இடப்பக்க இருக்கை காலியாகத்தான் போகிறது

என் கணவர் லொறிச் சாரதி. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சீனியும் மாவும் பருப்பும் ஏற்றி யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் இறக்குகிறார். திரும்பும்போது வெங்காயமோ பீற்றூட்டோ வாழைக்குலையோ, கிடைப்பதை ஏற்றி வருகிறார். வாரத்துக்கு இரண்டு நடை. திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வீட்டில் படுத்த இரவுகளை எண்ணினால் பாதிகூடத் தேறாது.

கடந்த ஒன்றரை ஆண்டுகளாக மாதத்துக்கு ஒரு நடையாவது நானும் அவருடன் போய்வந்தேன். போன வாரம் முதலாளி அதற்குத் தடை போட்டுவிட்டார். "வெளியாட்களை ஏற்றக் கூடாது" என்றாராம். காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்த 'வெளியாள்' என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இருக்கை எப்படிக் காலியானது என்பதை முதலில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கிளீனர் இல்லாமல் எந்த லொறியும் கொழும்பை விட்டுப் போகாது. படங்கு கட்டுவது, பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று வழி காட்டுவது, சாரதி சோர்ந்தால் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. 2022இல் எல்லாம் மாறிப்போனது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபாவாகியது. அதையும் நாட்கணக்கில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. என் கணவர் லொறிக்குள்ளேயே படுத்து எழும்பினார். நான் மட்டக்குளியிலிருந்து சோற்றுப் பார்சலோடு வரிசையைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். செலவைக் குறைக்க அப்போது நிறுத்தப்பட்ட கிளீனர், டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் திரும்ப எடுக்கப்படவில்லை. ஏறக்குறைய நானூறு கிலோமீற்றரை, பெரும்பகுதி இரவில், என் கணவர் தனியாக ஓட்டுகிறார்.

மாமியாரின் ஆண்டுத் திவசத்துக்குப் போகத்தான் முதன்முதலில் அவருடன் ஏறினேன். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கையில் ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீர், ஒரு தலையணை. களனிப் பாலத்தைத் தாண்டும்போது இரவு ஒன்பது மணி இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வரை கடைகளும் வெளிச்சமும் இருந்தன. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் திரும்பும் வீதியில் ஏறியதும் உலகம் இருண்டுபோனது. முன்விளக்கின் வெளிச்சம் விழும் அளவுக்குத்தான் வீதி தெரிந்தது. காலடியில் இயந்திரத்தின் சூடு. ஒரே சத்தம், ஒரே அதிர்வு, தொட்டில் ஆட்டுவதுபோல.

நான் தங்கையின் மகளுடைய பள்ளிக்கூட அனுமதி விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். நொச்சியாகமவை நெருங்கும்போது ஒரு "ம்"முக்கும் அடுத்த "ம்"முக்கும் இடையில் நேரம் நீண்டது. பிறகு "ம்" வரவேயில்லை. திரும்பிப் பார்த்தேன். கண்கள் திறந்துதான் இருந்தன. லொறி நடுக்கோட்டின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு இடப்பக்கம் ஒடித்தார், ஓரமாக நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து நாற்பது நிமிடம் தூங்கினார். நான் நுளம்பை அடித்துக்கொண்டு காவலிருந்தேன். விழித்ததும், "இப்படி எத்தனை இரவு?" என்று கேட்டேன். கொத்தமல்லித் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த "ம்"மைக் கவனிப்பதுதான் என் வேலை. இடைவெளி நீண்டால் நிறுத்தச் சொல்வேன். தனியாகப் போகும்போது அவர் நிறுத்துவதில்லை, விடிவதற்குள் இறக்க வேண்டும் என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறார். வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசி விழிக்க வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். ஓடும் லொறியில் காதில் தொலைபேசியை வைக்கச் சொல்லி அவரை நானே கொல்லவா?

இது உல்லாசப் பயணம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். ஆண்களுக்கு வீதியோரம் போதும். எனக்கு மலசலகூடம் வேண்டும். சிலாபத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் நள்ளிரவில் திறந்திருக்கும், தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறைகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். மாலை ஐந்து மணிக்கே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவேன். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஓரிரவு வழியில் லொறியை மறித்த ஒருவர், என் முகத்தில் டோர்ச் அடித்து, என் கணவரிடம் "இது யார்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் என் உடம்பு கூசியது. அதன் பிறகு அடையாள அட்டையோடு எங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன். இத்தனைக்கும் பிறகு நான் ஏன் போகிறேன்? முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு சுருள் கச்சானை இருவரும் பிரித்துச் சாப்பிடும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவும்தான். வீட்டில் எங்களுக்கு அப்படி ஒரு பத்து நிமிடம் வாய்ப்பதில்லை.

முதலாளியின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. விபத்து நடந்து எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, காப்புறுதி தருமா என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. எரிபொருள் பவுசரில் மனைவி ஏறக் கூடாது. துறைமுகத்துக்குள் அனுமதி அட்டை இல்லாமல் போகவும் கூடாது. சிறுபிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவதையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் இவற்றுக்கெல்லாம் விடை ஒரு தாளில் இருக்கிறது.

என் பெரியம்மாவின் மகன் ரொறொன்ரோவிலிருந்து அமெரிக்காவுக்குள் பெரிய டிரக் ஓட்டுகிறார். மச்சாளும் சில வேளை கூடப் போகிறார். அமெரிக்கக் கூட்டரசு விதிகளில் 392.60 என்று ஒன்று இருக்கிறது. நிறுவனம் எழுத்தில் அனுமதி தராமல் சாரதி யாரையும் ஏற்றக் கூடாது என்கிறது அது. அந்த அனுமதியில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: ஏறுகிறவரின் பெயர், எங்கிருந்து எதுவரை போகிறார், எந்தத் தேதியோடு அனுமதி முடிகிறது. விபத்திலோ ஆபத்திலோ உதவிக்காக ஏற்றப்படுகிறவருக்கும், கால்நடைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்படுகிறவருக்கும் அந்தத் தாள்கூடத் தேவையில்லை. மச்சாளின் பெயர் எழுதிய தாள் டிரக்கில் ஒரு கோப்பில் இருக்கிறது. யார் நிறுத்திக் கேட்டாலும் அதை எடுத்து நீட்டுகிறார்கள். அங்கே மனைவியை வெளியாள் என்று சொல்லித் துரத்தவில்லை. பெயரை எழுதி உள்ளே எடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் அதுதான் வேண்டும். என் பெயர், அடையாள அட்டை எண், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம், இன்ன தேதி வரை, கீழே முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும். காப்புறுதியில் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துக் கட்டட்டும். அந்த மேலதிகப் பணத்தை என் கணவரின் நடைக் கூலியில் கழித்துக்கொள்ளட்டும், நாங்கள் தருகிறோம். இல்லையென்றால் கிளீனரைத் திரும்ப வேலைக்கு எடுக்கட்டும். நான் மகிழ்ச்சியாக வீட்டில் இருப்பேன். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் அந்த இருக்கையைக் காலியாக அனுப்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் லொறி வைத்திருப்பவர்கள் இருந்தால், உங்கள் சாரதியை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள், இரவு இரண்டு மணிக்கு அவரோடு பேச யார் இருக்கிறார்கள் என்று.

இன்றும் அவர் ஒன்பது மணிக்குப் புறப்பட்டுவிட்டார். நாட்டாமைகள் கடைசி மூட்டையை ஏற்றியதும் நான்தான் படங்கின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டிக்கொடுத்தேன். பிறகு இறங்கி நின்றேன். அநுராதபுரத்தில் தேநீர்க் கடையில் நிறுத்திவிட்டு அழைப்பதாகச் சொன்னார். இப்போது மணி ஒன்றே முக்கால்.