கூரை ஒழுகினால் காணியை விற்பதா?

கொழும்பில் மாநகர சபைப் பூங்காவுக்குள் பாழடைந்து கிடக்கிற பழைய கட்டடங்களை "வித்துத் தொலையுங்கோ, வாங்கிறவன் திருத்துவான்" என்று நேற்றிலிருந்து ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். அதற்கு லைக் போட்டவர்களில் கட்டட வேலை தெரிந்தவர்களும் இருப்பதுதான் எரிச்சல்.

விற்காதீர்கள். குத்தகைக்குக் கொடுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

"கட்டடத்தை மட்டும்தானே விற்கிறோம், காணியை இல்லையே" என்கிறார் ஒருவர். ஐயா, நம் இலங்கையில் காணிக்கு ரோமன் டச்சுச் சட்டம். நிலத்தோடு பொருந்தியது நிலத்துக்கே சொந்தம். விற்பதென்றால் அளந்து, வரைபடம் போட்டு, நொத்தாரிசு முன்னால் உறுதி எழுத வேண்டும். பிறகு அதற்குப் பாதை வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும், மலக்குழி வேண்டும். எல்லாம் பூங்காவிலிருந்துதான் போகும், அதுவும் திரும்பி வராமல்.

சரி, அந்தக் கட்டடங்கள் ஏன் இடிகின்றன? வயது போனதாலா? மேலே மரம். இலை விழுந்து, கூரைத் தண்ணீர் வடிகிற பீலி அடைக்கிறது. தண்ணீர் பின்னுக்குத் தள்ளிச் சுவரின் தலையில் இறங்குகிறது. அங்கே கைமரத்தின் நுனி ஊறி உக்குகிறது, பின்னாலேயே கறையான். ஒரு கலிக்கட் ஓடு நழுவினாலும் இதே கதை. வெடிப்பில் அரசங்கன்று முளைக்கும். வெட்டினால் திரும்பத் தளிர்க்கும், பிடித்து இழுத்தால் கல்லும் கூட வரும். அந்த இடத்தைப் பிரித்து, வேரை எடுத்து, சுண்ணாம்புச் சாந்தால் நிரப்ப வேண்டும்.

அதைவிடக் கொடுமை சீமெந்து. கபுக்கல், அதாவது செம்பூரான் கல், சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சீமெந்து அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, கல் உள்ளுக்குள் மாவாகிறது. ஒருநாள் பூச்சு பாளமாகக் கழன்று விழும். "பாத்தீங்களா, கட்டடம் முடிஞ்சுது" என்று படம் போடுவீர்கள். முடித்தது பழைய சுவர் இல்லை, அதில் சீமெந்து பூசிய மகராசன்.

திருத்தும் முறை ரகசியம் ஒன்றுமில்லை. மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் கூரையைத் திருத்த வேண்டும். பிறகு சீமெந்தைக் கொத்தி எடுத்துச் சுவரைக் காயவிட வேண்டும். இதற்குத்தான் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அதன்பின் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகியபின் அடுத்தது, வெயில் படாமல் சாக்கு நனைத்துப் போட்டு. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் பெயின்ற் கூடாது. வங்கிக் கடனில் வாங்கியவர் சுவர் காயும்வரை காத்திருப்பாரா? அடுத்த மாதமே சீமெந்து, கண்ணாடி, ஏசி.

"மாநகர சபையிட்டக் காசில்லை." உண்மைதான், மறுக்கவில்லை. அதற்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? கொழும்புக் கோட்டையில் உள்ள டச்சு ஆஸ்பத்திரி 1681க்கு முந்தியது. 2011இல் திருத்தித் திறந்தார்கள். சுதந்திரச் சதுக்கத்துக்குப் பக்கத்துப் பழைய மனநோய் மருத்துவமனையை 2014இல். இரண்டையும் விற்கவில்லை, உள்ளே கடைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அங்கே ஒரு கோப்பி குடிக்க யாருக்குக் கட்டும் என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒப்பந்தம் முடிந்தால் கட்டடம் மக்களுக்குத் திரும்பும்.

"இங்கிலாந்தில் விற்கிறார்களே!" விற்கிறார்கள்தான். ஆனால் பூங்கா போன்ற பொதுவெளி நிலமென்றால் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, தொடர்ந்து 2 வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும். பாதுகாக்க வேண்டியதென்று அரசு பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் கைவைத்தால் குற்றம். இங்கே 1815க்குப் பிந்திய கட்டடம் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வந்தால்தான் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கைகொடுக்கும். அவர்களுடைய விற்பனை மட்டும் வேண்டும், சட்டம் வேண்டாமா?

"அப்ப இடிஞ்சு விழட்டும் எண்டுறீங்களா?" இப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டது. மேலே எழுதியதை வாசியுங்கள்.

வாங்குகிறவர் முதலில் கூரையைத் திருத்த மாட்டார், வேலி போடுவார். பிறகு கேற், பிறகு காவலாளி. காசு உள்ளவர்களுக்குக் கிளப் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைக்குள் ஆறு பேராக இருக்கிற குடும்பத்துக்கு ஞாயிறு பின்னேரம் காசு கொடுக்காமல் போய் உட்கார இருப்பது பூங்கா ஒன்றுதான். அதையும் துண்டு துண்டாக விற்றால் அந்தப் பிள்ளைகள் எங்கே ஓடி விளையாடும், ஃபிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்திலா?