நியமனம் இல்லை, தேர்தல்தான்

மேலே ஒருவர் ‘அமெரிக்க எபிஸ்கோபல் சபையில் பெண் வேண்டும் என்பதற்காகவே ஒரு குழு கூடி கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரியைத் தலைமைப் பேராயராக நியமித்தது, உலகத்தின் முதல் பெண் ஆங்கிலிக்கன் பேராயர் (பிஷப்) அவர்தான்’ என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. (எபிஸ்கோபல் சபை என்பது, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் கிறிஸ்தவ சபைகளில் ஒன்று.)

2006 ஜூன் 18 அன்று ஓஹையோவின் கொலம்பஸில், ஏழு பேர் போட்டியிட, பேராயர்கள் வாக்களித்து ஐந்தாவது சுற்றில்தான் முடிவு வந்தது. 188 வாக்குகளில் அவருக்கு 95. ஒரு வாக்கு குறைந்திருந்தால் ஆறாவது சுற்றுக்குப் போயிருக்கும், இதை நியமனம் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் குருமார்களும் சாதாரண சபையாரும் இருக்கும் பிரதிநிதிகள் அவை அதை உறுதிசெய்ய வேண்டும், செய்தது. நான் அன்று பார்வையாளர் பகுதியில் இருந்தேன். பெயரை வாசித்ததும் பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கையை இறுகப் பிடித்தார், வெகுநேரம் விடவே இல்லை.

சரி, முதல் பெண் பேராயர்? அது பார்பரா ஹாரிஸ், 1989, மாசசூசெட்ஸ். கேத்தரின், ஆங்கிலிக்கன் சபைகளில் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண். கடலியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுக் குருவானவர், நெவாடாவின் பேராயராக இருந்தவர். அவரைப் போய் ‘பெண் என்பதற்காக’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது பெரிய அநியாயம். பதிவைத் திருத்திவிடுங்கள்.