கஞ்சி குடித்தால் சரியாகிற விஷயம் இல்லை இது

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேச வந்த மனநல தெரபிஸ்டைக் கேலி செய்ததை மூன்று நாளாக மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். நேற்று அங்கே எடுத்த வீடியோ எங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்துவிட்டது, சிரிக்கிற பொம்மைகளோடு. இனி பேசாமல் இருக்க முடியாது.

அந்த தெரபிஸ்ட் முக்கால் மணி நேரம் பேசினார். உறக்கம், சாப்பாடு, உடம்பு வலி, வீட்டில் யாரோடு பேசுகிறோம், எதை நம்பி நாளை ஓட்டுகிறோம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனக்காயம் ஆறும், முழுமை சிகிச்சை என்பது அதுதான் என்றார். பிறகு மைக்கை வாங்கிய பெரியவர், "எங்க காலத்துல இதெல்லாம் உண்டா? பழங்கஞ்சி குடிச்சிட்டு வேலைக்குப் போனா எல்லாம் தானா சரியாவும்" என்றார். ஒரே கைதட்டல். தெரபிஸ்ட் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடி வைத்தார். முன்வரிசையில் இருந்ததால் நான் பார்த்தேன்.

நான் அவரிடம் சிகிச்சைக்குப் போனவள். இதை இங்கே எழுதுவது இதுதான் முதல் முறை.

இரண்டு வருடம் முன்பு எனக்கு இடது கை மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். கணவர் குவைத்தில். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்ல, வீட்ல சும்மா இருக்கதனால தோணுது" என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒன்றும் இல்லையென்றால் எனக்கு ஏன் வலித்தது?

இந்த தெரபிஸ்ட் முதலில் தைராய்டும் பி12-ம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அப்புறம் ஒரு தாளில் வட்டம் வரைந்து, "இதுதான் உங்க ஒரு நாள். இன்னொரு மனுஷங்கிட்ட வாய்விட்டுப் பேசுற நேரத்துக்கு மட்டும் கலர் அடிங்க" என்று பச்சை பென்சிலைத் தந்தார். நான் அடித்தது ஒரு கோடு. ராத்திரி வீடியோ கால், பத்து நிமிடம். அந்தக் கோட்டைப் பார்த்து அழுதேன். அவர் அழ விட்டார். மதியச் சாப்பாட்டை அடுக்களையில் நின்றுகொண்டே தின்னாமல் உட்கார்ந்து சாப்பிடுவது, நெஞ்சு இறுகும் முன் மனதில் என்ன ஓடியது என்று எழுதி வைப்பது, சாயங்காலம் பக்கத்து வீடு வரை நடப்பது. இப்படித்தான் நான்கு மாதம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். என் கை இப்போது மரத்துப்போவதில்லை.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களே இதைக் கேலி செய்வதுதான் தாங்கவில்லை. கை ஒடிந்தால் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் ஓடுகிறோம். அவர் கையை மட்டுமா பார்க்கிறார்? உறக்கம் உண்டா, வயிறு எப்படி என்று கேட்கிறார், பத்தியம் சொல்கிறார். அங்கே யாரும் சிரிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1948-லேயே உடல், மனம், சமூகம் மூன்றும் நன்றாக இருப்பதுதான் ஆரோக்கியம் என்று எழுதி வைத்துவிட்டது. மனம் என்றதும் மட்டும் நமக்கு என்ன வந்துவிடுகிறது?

உடனே மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா என்பீர்கள். இல்லை. எனக்கு முன்னால் வந்திருந்த ஒருவரை அந்த தெரபிஸ்டே மனநல மருத்துவரிடம் அனுப்பினார். முழுமை சிகிச்சை என்று பெயர் வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், சரி. ஜெபம் போதாதா என்றும் கேட்பீர்கள். நான் ஜெபிக்கிறவள்தான். அதை விடச் சொல்லி அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. பணம்தான் நியாயமான கேள்வி. ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் எல்லோராலும் முடியாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை இருக்கிறது, 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அந்தக் காலத்தில் இல்லையாம். 2004 சுனாமியில் குளச்சலிலும் மணக்குடியிலும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போன ஆள் வருவானா வரமாட்டானா என்று தெரியாமல் கரையில் நின்ற பெண்களிடம் சொல்லுங்கள், கஞ்சி குடித்தால் சரியாகும் என்று.

என் அப்பா அந்தக் காலத்து ஆள்தான். ரப்பர் வெட்டுக்கு விடியும் முன்னே போவார். கஞ்சிதான் குடித்தார். அம்மா போன பிறகு வெட்டை விட்டுவிட்டார், ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். வெட்ட மரமே இல்லாமல், ஆறு வருடம். "என்னப்பா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல மக்ளே, நீ உறங்கு" என்பார். நாங்களும் போய் உறங்கினோம். அவருக்குச் சரியாயிற்று என்று யார் சொன்னது? அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவரிடம் இப்படி ஒரு தாளையும் பென்சிலையும் யாராவது நீட்டியிருந்தால் என்று இரண்டு வருடமாக நினைக்கிறேன்.

ஞாயிறன்று கூட்டம் தொடங்கும் முன் ஒரு பெண் என்னிடம் தனியாக வந்து தெரபிஸ்ட் நம்பரைக் கேட்டு வாங்கினாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. நேற்று வீடியோ வந்த அரை மணி நேரத்தில் கூப்பிட்டு, "வேண்டாம் எக்கா, நான் சும்மாதான் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

வீடியோ இன்னும் குரூப்பில் கிடக்கிறது. போட்டவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து எடுங்கள்.