கழற்றி எடுத்ததைத் திரும்ப வாங்குகிறோம்

தோவாளையிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு வேலை நாள்களில் சைக்கிளில் போய்வரத் தொடங்கி இந்த ஆனியோடு ஆறு ஆண்டுகள் முடிகின்றன. போக பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், வரவும் அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பேச்சில் சைக்கிளை யாரும் மிதிப்பதில்லை, சவிட்டுவார்கள். தொடக்கத்தில் வெள்ளமடம் டீக்கடையில் “இந்த வயசுல என்னத்துக்குவே சைக்கிள் சவிட்டுதீரு?” என்று கேட்ட அண்ணாச்சிமார்கள் இப்போது, “பயலுக்கு ஒண்ணு வாங்கணும், எது கொள்ளாம்?” என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கடையில் வரிசையாக நிற்கும் புதிய சைக்கிள்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, செயின் கவர் கிடையாது, விளக்கு கிடையாது. சிலவற்றில் ஸ்டாண்டு கூடக் கிடையாது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸும் லூதியானாவில் 1956-இல் தொடங்கிய ஹீரோவும் பல பத்தாண்டுகள் விற்ற அந்தக் கறுப்பு 28 அங்குல வண்டியில் முழு நீள மட்கார்டும் கேரியரும் இரட்டைக்கால் ஸ்டாண்டும் கூடவே வந்தன. என் அப்பா அதன் கேரியரில்தான் விடியுமுன் தோவாளைச் சந்தைக்குப் பூக்கூடை கொண்டுபோவார். மழையிலும் வேட்டியோடுதான் போவார். வேட்டியில் சேறு தெறித்து நான் பார்த்ததில்லை. அன்றாடம் ஓட்டுகிறவருக்கு வேண்டியதையெல்லாம் வண்டியிலிருந்து கழற்றி எடுத்துவிட்டு, அவற்றையே ‘ஆக்சஸரீஸ்’ என்ற பெயரில் பக்கத்து அலமாரியில் தொங்கவிட்டு நம்மிடம் விற்கிறார்கள் என்பதே என் முதன்மையான குறை. ஆகவே வண்டிக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கையாவது இவற்றுக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மட்கார்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் நனைந்து அனுபவிக்கும் மாவட்டம் இது. மட்கார்டு இல்லாத பின்சக்கரம் சாலைத் தண்ணீரை முதுகில் நேர்க்கோடாக வரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்சக்கரம் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாது. அது மணலும் தண்ணீருமாக வாரி, நேராகச் செயின் மீதும் பெடல் அச்சு மீதும் அடிக்கிறது. சீட்டுக்குக் கீழே வாலைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் பிளாஸ்டிக் மட்கார்டு பெயருக்குத்தான் உதவும். சக்கரத்தின் வளைவை ஒட்டி முன்னும் பின்னும் இறங்கும் முழு நீள மட்கார்டு வாங்குங்கள். முன் மட்கார்டின் அடியில் பழைய ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி இரண்டு ரிவிட் அடித்து விட்டால் ஷூவும் நனையாது.

அடுத்தது காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான் ஆனி, ஆடி மாதங்களில் காலை நேரத்தில் என் நெஞ்சுக்கு நேரே வீசுகிறது. மாலையில் முதுகைப் பிடித்துத் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லக் கால்கள் செலவிட வேண்டிய திறன் எட்டு மடங்காகும். எதிர்காற்றில் வீம்புக்கு வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முயல்கிறவர் தேரேகால்புதூர் தாண்டுவதற்குள் களைத்துப்போவதற்கு இதுவே காரணம். இதற்குக் கியர் வேண்டும்; ஆனால் இருபத்தொரு கியர் வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரமும் பின்னால் ஏழும் உள்ள வண்டியில் பல இணைகள் ஏறத்தாழ ஒரே விகிதத்தையே தருகின்றன; எண்ணிக்கை விளம்பரத்துக்குத்தான் பயன்படுகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஏழு என்றிருக்கும் என் வண்டியில் இந்தச் சாலைக்கு ஒரு நாளும் குறை வந்ததில்லை. குலுக்கலை வாங்கிக்கொள்ள முன்சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங் வைத்த ‘சஸ்பென்ஷன்’ ஃபோர்க்கும் அப்படித்தான். மலிவான வண்டிகளில் அது எடையைக் கூட்டுகிறது. சவிட்டும்போது தானும் சேர்ந்து அமுங்கி நம் உழைப்பில் ஒரு பகுதியை விழுங்குகிறது.

காற்றைப் பற்றிப் பேசும்போது ரெயின்கோட்டையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் தலை வழியாக மாட்டி ஹேண்டில்பார் வரை விரியும் அகலமான கோட்டு ஒன்றை வாங்கினேன். வெள்ளமடத்துக்கும் தேரேகால்புதூருக்கும் இடையே இருபுறமும் வயல் திறந்துகிடக்கும் இடத்தில் அது பாய்மரமாகி என்னை வண்டியோடு இடப்பக்கம் ஒதுக்கியது. அந்நேரம் கல் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்றும் கடந்துபோனது. அன்றோடு அதை மடித்து வைத்துவிட்டேன். இப்போது அது வீட்டில் விறகை மூடப் பயன்படுகிறது. இடுப்பளவு ஜாக்கெட்டும் தனிக் காற்சட்டையும் உள்ள ரெயின்கோட்டுதான் இங்கே ஆகும். அதிலும் அக்குளில் காற்று போக வழியிருக்க வேண்டும். இல்லையென்றால் மழையில் நனையாமல் வியர்வையில் நனைவீர்கள்.

டயர் விஷயத்தில் நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். மகளின் சைக்கிளுக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. ‘26 இஞ்ச்’ என்று கேட்டு வாங்கிவந்து, வராந்தாவில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். டயர் ரிம்மின் விளிம்பில் ஏறவே இல்லை. இரண்டு டயர் லீவரும் ஒடிந்த பிறகுதான் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன். 26 அங்குலம் என்று சொல்லப்படுவதில் பல அளவுகள் உண்டு. மலைப்பாதை வகை வண்டியின் ரிம் 559 மில்லிமீட்டர். மகளின் வண்டியில் இருந்த 26 x 1⅜ வகையின் ரிம் 590. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒருபோதும் பொருந்தா. மாறாக, 700சி என்றும் 29 அங்குலம் என்றும் வெவ்வேறு பெயரில் விற்கப்படும் இரண்டுக்கும் ரிம் அளவு ஒன்றே, 622. அப்பாவின் பழைய 28 x 1½ வண்டிக்கு 635. எனவே அங்குலத்தை மறந்துவிட்டு, பழைய டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் இருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முன்னது டயரின் அகலம், பின்னது ரிம்மின் அளவு.

ஆழமான கட்டைகள் உள்ள டயரைப் பார்த்தால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும். தார்ச்சாலையில் அது உண்மையல்ல. கார் டயரைப்போலத் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கும் அளவுக்குச் சைக்கிள் டயர் அகலமும் அல்ல, நம் வேகமும் அவ்வளவு அல்ல. கட்டைகள் ரீங்காரமிட்டுக்கொண்டே வேகத்தைத் தின்னும். ஓரளவு வழவழப்பான, 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் நம் குண்டு குழிக்குப் பொருத்தமானது. கல்லைப்போல இறுகக் காற்றடிப்பதும் வேண்டாம். கரடுமுரடான சாலையில் அப்படிப்பட்ட டயர் துள்ளுமே தவிர விரைவாக உருளாது.

பிரேக்கில் என் கருத்துக்கு மறுப்பு இருக்கலாம். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பது சரிதான். ஆனால் மலிவான வண்டியில் வரும் டிஸ்க்கைவிட, ரிம்மை இருபுறமும் ரப்பர் கட்டையால் நெருக்கிப் பிடிக்கும் வி-பிரேக்கை ஒழுங்காகப் பராமரித்தால் அதுவே மேல் என்பேன். மழையில் வி-பிரேக் உடனே பிடிக்காது. சக்கரம் ஒருசில சுற்றுச் சுற்றி ரிம்மின் தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும். அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே மெல்ல அழுத்தத் தொடங்க வேண்டும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் பிரேக் கட்டையைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பாருங்கள். ரப்பரில் வெள்ளி மணல்போல ஏதோ மின்னும். அது ரிம்மிலிருந்து சுரண்டப்பட்ட அலுமினியத் துணுக்கு. பிரேக் பிடிக்கும்போது ‘கரகர’வென்று கேட்பதற்குக் காரணம் அதுதான். ஊக்கினால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்தால் சத்தம் நின்றுவிடும், ரிம்மும் பிழைக்கும்.

தலைக்கவசம் பற்றி நான் வாதாடப் போவதில்லை. ஒரு கார்த்திகை மாத மழையில் லாரிக்கு ஒதுங்கிச் சாலையோர வெள்ளைக் கோட்டில் சக்கரம் ஏறியதும் வழுக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தபோது உள்ளே இருந்த தெர்மோகோல் போன்ற நுரையில் ஒரு கோடாக விரிசல் விட்டிருந்தது. தலைக்கு ஒன்றும் இல்லை. அந்த நுரை நசுங்கியே அடியை வாங்கிக்கொள்கிறது என்பதால் ஒரு விழுகைக்கு ஒரு கவசம்தான். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதைத் திரும்ப மாட்டக் கூடாது.

விளக்கைவிட ஒரு படி மேலாக நான் மதிக்கும் பொருள் கண்ணாடி. வலது ஹேண்டில்பாரின் முனையில் பொருத்திய உள்ளங்கை அளவுக் கண்ணாடி, பின்னால் வருவது பைக்கா, பேருந்தா, டாரஸா என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுகிறது. பெரிய லாரி கடக்கும்போது முதலில் காற்று நம்மைத் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். வருவது தெரிந்தால் கையை இறுக்கிக்கொள்ளலாம். பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பகலிலும் மழையில் எரியவிடுங்கள்.

பஞ்சு வைத்த காற்சட்டை, மெத்தென்ற ஜெல் சீட்டு ஆகியவற்றைப் பத்து கிலோமீட்டருக்கு யாரும் வாங்க வேண்டியதில்லை. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளும் உயரத்துக்குச் சீட்டை ஏற்றினாலே முட்டுவலியில் பெரும்பகுதி நீங்கும். நம்மூரில் பாதிப்பேர் தரையில் இரண்டு பாதமும் முழுதாக ஊன்றும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு சைக்கிளைக் குறை சொல்கிறார்கள்.

இத்தனை வாங்கியும் எனக்கு இன்னும் அமையாதது கேரியர். முதுகில் பையோடு போனால் வடசேரி சேர்வதற்குள் சட்டையின் பின்பக்கம் முழுதும் நனைந்துவிடுகிறது. அலுவலகத்தில் மாற்றுச் சட்டையும் ஒரு தோர்த்தும் (துண்டும்) வைத்திருப்பதால் சமாளிக்கிறேன். என் வண்டியின் பின்பக்கச் சட்டத்தில் கேரியர் காலைப் பொருத்தும் மரைத்துளையே இல்லை. வாங்கும்போது அதைப் பார்க்கத் தோன்றவில்லை. நீங்கள் பின்னச்சுக்கு மேலே அந்தத் துளை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சீட்டுத் தண்டில் மாட்டும் கேரியரை இரண்டு முறை வாங்கிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுப் பையின் எடைக்கே ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி அப்பாவின் சைக்கிளிலிருந்த கேரியரைக் கேட்டிருக்கிறார். கிளாம்பு வைத்துப் பொருத்திப் பார்க்கலாம் என்கிறார். துரு ஏறிய அந்த நட்டுகள் மூன்று நாளாக மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன.