மூன்றாவது கையேட்டின் கடைசிப் பத்தி

டி அண்ட் டி விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸைத் தலையில் தூக்கி வைத்து ஆடும் பதிவு ஒன்றும், கூட்டாளி டேவ் ஆர்னசனின் யோசனையைச் சுட்ட திருடன் என்று அவரை வெளுத்து வாங்கும் பதிவு ஒன்றும் ஒரே நாளில் என் டைம்லைனில் வந்தன. இரண்டையும் பகிர்ந்தவர்கள் என்னோடு டி அண்ட் டி ஆடுகிறவர்கள்தான். கமென்ட்டில் எழுதினால் சண்டை நீளும் என்பதால் தனியாகவே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு நாலு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. ஒருவர் நடுவர். "இருட்டுக் குகை, உள்ளே ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது" என்று அவர் நிலைமையைச் சொல்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்லவேண்டும். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று கையேடுகள், விலை 10 டாலர், முதல் அச்சு 1000 பிரதிகள். அட்டையில் இரண்டு பெயர்கள்: கைகாக்ஸ், ஆர்னசன். இன்றைக்கு மொபைல் கேம் ஆடும் பையன்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிற ஹெச்பி (பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), லெவல் எல்லாம் இந்தப் பெட்டியின் வழியாகப் பரவியவை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்னசனுக்கு அநியாயம் நடந்தது. அதற்காகக் கைகாக்ஸ் திருடன் ஆகிவிட மாட்டார். இவர்கள் விட்டுப்போனதிலேயே உருப்படியான சொத்து அந்த மூன்றாவது கையேட்டின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. சண்டை போடுகிற இரண்டு கோஷ்டியும் அதைத் தொடுவதே இல்லை.

கதை லேக் ஜெனீவாவில் தொடங்கவில்லை. மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரத்தில், பொம்மைப் படைகளை வைத்து நெப்போலியன் காலப் போர்களை ஆடும் நண்பர் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் டேவிட் வெஸ்லி என்பவர் நூலகத்தில் ஒரு பழைய ராணுவப் பயிற்சி நூலைத் தோண்டி எடுத்தார். சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் எழுதியது. ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், முடியுமா முடியாதா என்பதை நடுவர் தீர்ப்பார் என்பது வெஸ்லி அதிலிருந்து பிடித்துக்கொண்ட விஷயம். 1969இல் பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து ஆட்டம் நடத்தினார். படையை மட்டும் ஆளுக்குப் பாதியாகக் கொடுக்காமல் ஒருவரை மேயர், ஒருவரை வங்கிக்காரர், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆக்கினார். போர் தொடங்குவதற்குள்ளேயே ஆட்கள் மூலைக்கு மூலை ரகசியம் பேசி, பேரம் நடத்தி, இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி மோதி, ஒரே களேபரம். ஆட்டம் சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று நச்சரித்தார்கள்.

பின்னர் அவர் நடத்திய இன்னொரு ஆட்டம் ஒரு லத்தீன் அமெரிக்கக் குட்டிக் குடியரசில் நடந்தது. அதில் டேவ் ஆர்னசனுக்குக் கிடைத்தது புரட்சிக்காரன் வேடம். துண்டுப்பிரசுரம் விநியோகித்தால் புள்ளி. மனிதர் வீட்டிலேயே ஒரு போலி சிஐஏ அடையாள அட்டை தயாரித்துக் கொண்டுவந்து, நான் உண்மையில் அமெரிக்க உளவாளி என்று மற்ற எல்லோரையும் நம்பவைத்துவிட்டார். கடைசியில் ஹெலிகாப்டரில் ஏறி, துண்டுப்பிரசுரங்களைத் தலைநகரின் மேல் கொட்டிவிட்டுப் போனார். விதிப்புத்தகத்தில் இதற்கெல்லாம் ஏது இடம்? நடுவர் சரி என்றார், அவ்வளவுதான். எனக்குக் கேட்டால் இந்த விளையாட்டு பிறந்த இடம் அந்தச் "சரி"தான்.

வெஸ்லியை ராணுவம் பணிக்குக் கூப்பிட்டுக்கொண்டது. ஆர்னசன் அந்த இடத்துக்கு வந்தார். ஒரு வார இறுதி முழுக்கப் பாப்கார்ன் கொறித்துக்கொண்டு பழைய பூதப் படங்களைப் பார்த்ததாகவும், அதிலிருந்துதான் யோசனை வந்ததாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நெப்போலியன் ஆட்டம் என்று நினைத்து வந்த நண்பர்கள், பிங்பாங் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கோட்டையைப் பார்த்தார்கள். அதுதான் பிளாக்மூர். கோட்டைக்குக் கீழே சுரங்கம், சுரங்கத்தில் பூதங்கள். ஒரே அடியில் பாத்திரம் செத்தால் ஆடுகிறவர் முகம் வாடுகிறதே என்று, தான் கப்பல் போர் விதிகளில் வைத்திருந்த சேதக் கணக்கை மனிதர்களுக்கும் போட்டார். இன்றைய ஹெச்பி அங்கிருந்து வருகிறது. பாத்திரம் சாகாமல் வாராவாரம் தொடர்ந்து வருவதும், அனுபவம் சேரச்சேர வலிமை கூடுவதும் அங்கே வேர்விட்டவைதான்.

சரி, கைகாக்ஸ் எங்கே? அவர் சிகாகோவில் இன்ஷூரன்ஸ் வேலை பார்த்தவர். 1970இல் வேலை போனது. வீட்டு நிலவறையில் செருப்பு தைத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே போர் விளையாட்டு விதிகள் எழுதினார். ஜெஃப் பெரனோடு சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட இடைக்காலப் போர் விதிகளைத்தான் ஆர்னசன் தன் ஆட்டத்துக்கு முதலில் பயன்படுத்தினார். 1972 கடைசியில் ஆர்னசனும் டேவிட் மெகரியும் லேக் ஜெனீவாவுக்குப் போய்ப் பிளாக்மூரை ஆடிக்காட்டினார்கள். ஆடி முடித்த கைகாக்ஸ், விதிகளை அனுப்பி வை என்றார். வந்தது சுமார் 20 பக்கக் குறிப்புகள். அவற்றை வைத்து 50 பக்க வரைவு ஒன்றைத் தட்டச்சு செய்தார். அதைப் பிறகு 150 பக்கமாக வளர்த்தார். முதலில் ஆடிப் பார்த்தவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலிஸும்.

திருடன் என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். கூட உட்கார்ந்து ஆடியவனுக்குப் புரியும் ஒரு விஷயத்தை, முன்பின் பார்த்திராத ஊரில் இருக்கிறவனுக்குத் தாளில் புரியவைப்பது தனி வேலை. ஆர்னசனுக்கு அந்த வேலை வரவில்லை. 1975இல் பிளாக்மூர் பெயரில் ஒரு கூடுதல் கையேடு போட்டபோது, பதிப்பாசிரியர் டிம் காஸ்க் அவருடைய குறிப்புகளை ஒழுங்குபடுத்தப் பட்ட பாடு பெரிய பாடு. கைகாக்ஸ் எழுதாமல் இருந்திருந்தால் ஒரு பத்திருபது பேரோடு அது முடிந்துபோயிருக்கும். வயதான பிறகு யாராவது ஒரு பேட்டியில் சொல்லி நமக்குத் தெரியவந்திருக்கும்.

அதற்காகக் கைகாக்ஸ் நன்றாக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று கையேடுகளையும் இன்று படித்தால் தலைசுற்றும். பாதி விதி இருக்காது, இருக்கிற பாதிக்கு விளக்கம் இருக்காது. அந்த ஓட்டைதான் நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம். அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே படித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை, சாதாரண ஆறுமுகப் பகடை போதும் என்று 1975இல் தானே ஒரு விளையாட்டை எழுதிவிட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி அதே ஆண்டு, ஆடுகிறவர்கள் தங்கள் சொந்த விதிகளை எழுதியனுப்பும் மாத இதழ் ஒன்றை ஆரம்பித்தார். புரியாத இடத்தை ஒவ்வோர் ஊரும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான்.

அப்படி நிரப்பச் சொன்னதும் கையேடுதான். அந்தக் கடைசிப் பத்தியில் இருப்பது இது: அறவே வழி தெரியாமல் போனாலொழிய விளக்கம் கேட்டு எங்களுக்கு எழுதாதீர்கள், அது எப்படி இருக்கவேண்டும் என்று நீங்களே முடிவு செய்து அப்படியே ஆக்கிக்கொள்வது சிறந்தது, உங்களுக்கான கற்பனையையும் நாங்கள் ஏன் செய்யவேண்டும்? காசு வாங்கிக்கொண்டு விற்ற விதிப்புத்தகம் இப்படி முடிகிறது. வியாபாரம் தெரிந்த எவனாவது இப்படி எழுதுவானா?

வியாபாரம் தெரிந்ததும் அந்த வரி போய்விட்டது. அந்தப் பெட்டியை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் வளர்ந்தது. 'அட்வான்ஸ்ட்' என்ற அடைமொழியோடு புதிய பெரிய புத்தகங்கள் வந்தன. 1979இல் நடுவர்களுக்காக வந்த நூலின் முன்னுரையிலேயே, எல்லா மேஜையிலும் ஆட்டம் ஒரே சீராக இருக்கவேண்டும் என்று கைகாக்ஸ் வாதாடுகிறார். கண்டபடி விதியை மாற்றி ஆடினால் அது எங்கள் ஆட்டமே இல்லை என்று பத்திரிகையிலும் எழுதினார். உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பனை செய்யவேண்டும் என்று கேட்ட அதே ஆள்! புதியது வேறு விளையாட்டு, அதனால் ஆர்னசனுக்கு ராயல்டி கிடையாது என்று நிறுவனம் சொன்னது. 1979இல் ஆர்னசன் வழக்குப் போட்டார், 1981இல் சமரசம் ஆனது. அநியாயம் என்று நான் சொன்னது இதைத்தான். யோசனையைக் கைகாக்ஸ் எடுத்து எழுதியதில் எனக்குப் புகார் இல்லை. அதற்கு ஆர்னசனுக்குப் பங்கு தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழியை ஒட்டி அதைத் தட்டிக்கழித்தார்களே, அதுதான் ஆறவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1985இல் பங்குதாரர் சண்டையில் நிறுவனம் லொரைன் வில்லியம்ஸ் கைக்குப் போனது, கைகாக்ஸ் வெளியே வந்தார். 1992இல் அவர் வேறொரு நிறுவனத்துக்குப் புதிய விளையாட்டு ஒன்று எழுதிக்கொடுத்தார். இது எங்களுடையதைப் போல இருக்கிறது என்று டிஎஸ்ஆர் வழக்குப் போட்டது! 1994இல் அதன் உரிமையை விலைக்கு வாங்கி மூலையில் போட்டுவிட்டார்கள். தான் போட்ட பூட்டிலேயே மாட்டிக்கொண்டார் மனிதர்.

இத்தனைக்கும் அந்தச் சொத்தில் பாதி இரவல். 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கியனின் கதைகளிலிருந்து எடுத்த ஹாபிட் முதலான பெயர்களை, உரிமை வைத்திருந்தவர்கள் வக்கீல் நோட்டீஸ் விட்டபிறகு மாற்றினார்கள். கடையில் மலிவாகக் கிடைத்த பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலத்தில், டைனோசர் என்ற பெயரில் இருந்த விநோத உருவங்களுக்குப் பெயர் வைத்துப் பூதங்கள் ஆக்கினார்கள். இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி அப்படி வந்ததுதான். நம்ம ராட்சசனும் உண்டு. 1975இல் அவர்களுடைய பத்திரிகையில் முதலில் வந்தான். 1977 பூதத் தொகுப்பில் டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில் அவனுக்குப் புலித்தலை. சீமான்போல உடுத்தி, கையில் புகைக்குழாயோடு உட்கார்ந்திருப்பான். மந்திரித்த அம்பு பட்டால் சாவான். இது எந்த ராமாயணத்தில் இருக்கிறது என்று தேடாதீர்கள். அப்போது ஓடிய ஒரு அமெரிக்கத் திகில் தொடரின் ஒரு பகுதியிலிருந்து வந்தது. எனக்கு இதில் கோபமெல்லாம் இல்லை, படம் பிரமாதம். இரவல் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு இவ்வளவு காவல் எதற்கு என்பதுதான் கேள்வி.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1978 விதிநூலில் பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. மனிதரில் ஆணுக்கு 18/00 வரை (இங்கே 00 என்றால் நூறு), பெண்ணுக்கு 18/50 வரை. டிராகன் நெருப்பு கக்கலாம், பெண்ணுக்கு மட்டும் அளவுகோல்! 2024இல் அந்தக் கால ஆவணங்களைத் தொகுத்த நூலின் முன்னுரையில் இதுபோன்றவற்றைச் சுட்டிக்காட்டியதற்கு ஒரு கூட்டம் கொதித்தது. எதற்கு? இருந்ததைத்தானே சொன்னார்கள். எம். ஏ. ஆர். பார்க்கர் விஷயம் இதைவிடக் கசப்பு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த மொழியறிஞர். தெற்காசிய, மத்திய அமெரிக்கச் சாயலோடு, தனி இலக்கணம் கொண்ட மொழிகளோடு அவர் உருவாக்கிய உலகம் 1975இலேயே விளையாட்டாக வந்தது. ஐரோப்பியக் கோட்டைகளைத் தாண்டி யோசித்த ஆள் என்று எனக்கு ரொம்ப மதிப்பு. அவர் புனைபெயரில் ஒரு நாஜி ஆதரவு நாவல் எழுதியதை, அவர் படைப்புகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது. படைத்தவரைத் தெய்வமாக்கினால் இந்தச் செய்தியை ஒளிக்கத் தோன்றும். விதியை மாற்றிக்கொள் என்று எழுதிவைத்ததுதான் சொத்து என்று எடுத்துக்கொண்டால் ஒளிக்கத் தேவையில்லை. உச்சவரம்பைப் பேனாவால் அடித்துவிட்டு ஆடிய மேஜைகள் அன்றே எத்தனையோ.

பூட்டுப் போடும் ஆசை கம்பெனிகளை விடுவதில்லை. டிஎஸ்ஆரைப் பிறகு வாங்கிய விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், 2000இல் அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமம் தந்தது. 2023 ஜனவரியில் அதை மாற்றி, பெரிய வெளியீட்டாளர்களிடம் பங்கு கேட்கும் வரைவு ஒன்று கசிந்தது. ஆடுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நிறுவனத்தின் இணையதளச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள், சுமார் 400 பக்க விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் போட்டுவிட்டு நிறுவனம் பின்வாங்கியது. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னசன் 2009இலும் இறந்துவிட்டார்கள், இதைப் பார்க்கவில்லை. 2014 பதிப்பின் நன்றிப் பக்கத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. வெஸ்லியின் பெயர் இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அந்த 400 பக்கத்தை இனி யாரும் திருப்பி எடுக்க முடியாது. மூலத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி போட்டால் போதும், தமிழில் கொண்டுவரச் சட்டத்தடை எதுவும் இல்லை. புலித்தலை ராட்சசனும் அதற்குள் இருக்கிறான், அவனை என்ன செய்வது என்று பேசி முடிவெடுக்கலாம். யாராவது இறங்குவதாக இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். சண்டை விதிகள் அத்தியாயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். மந்திரப் பட்டியல் பக்கம் என்னை இழுக்காதீர்கள், அது ரொம்ப நீளம்.